பட்டினியால் புரந்தோர் மெய்க்கீர்த்தி

சோழ மன்னர்கள் கல்வெட்டு வெட்டும்போது ஓர் அழகான வழக்கம் வைத்திருந்தார்கள். எத்தனை வேலி நிலம், எத்தனை விளக்கு, விளக்குக்கு எத்தனை ஆடு என்ற கணக்குக்குள் இறங்குமுன், மன்னன் வென்ற நாடுகளையும் ஆற்றிய அருஞ்செயல்களையும் வரிசையாகப் பாடிவிடுவார்கள். மெய்க்கீர்த்தி என்று அதற்குப் பெயர். மன்னர்கள் போய்விட்டார்கள். அவர்களினும் பெரிய புரவலராகிய தமிழ்ப் பெருங்குடி மக்கள், தாங்கள், இன்றும் சிரஞ்சீவியாய் எழுந்தருளியிருக்கிறீர்கள். தங்களுக்கென்று ஒரு மெய்க்கீர்த்தி இல்லாத குறையைத் தீர்க்க அடியேன் துணிந்தேன். தங்கள் வெற்றிகள் எல்லாவற்றையும் பாட ஓர் ஆயுள் போதாது. ஒன்றே ஒன்றைப் பாடுகிறேன். எட்டயபுரத்துச் சுப்பிரமணிய பாரதி என்னும் ஊர்சுற்றிக் கவிராயரைத் தாங்கள் ஆதரித்த அருமை அது.

பழைய வள்ளல்களைத் தாங்கள் அறிவீர்கள். பாரி முல்லைக்குத் தேர் கொடுத்தான். பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்தான். அவர்கள் கெட்டிக்காரர்கள் அல்லர். கை நிறையப் பரிசில் வாங்கிய புலவன் என்ன செய்வான்? வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுவான். தங்கள் ஞானமோ வேறு. பாரி தேரைக் கொடுத்தான். தாங்கள் தெருவையே கொடுத்தீர்கள். அந்தக் கொடையின் பயனாக 1882-ல் பிறந்த ஒரு மனிதர் எட்டயபுரம், காசி, மதுரை, சென்னை, புதுச்சேரி, கடையம், மறுபடியும் சென்னை என்று கால் ஓயாமல் நடந்து 39-ஆம் பிறந்த நாளுக்கு முன்பே பயணத்தை முடித்துக்கொண்டார். இத்தனை சிக்கனமாக ஒரு மகாகவியை வளர்த்த சமூகம் வேறு எங்கே இருக்கிறது?

முதல் கொடை எட்டயபுரம் அரண்மனையில் தொடங்கியது. பதினொரு வயதுச் சிறுவனின் கவித்திறனை மெச்சிப் பெரியோர்கள் ‘பாரதி’ என்று பட்டம் சூட்டினார்கள். பட்டம் என்பது கொடைகளுக்கெல்லாம் அரசன்: கொடுப்பவர் பெட்டியில் ஒரு காசு குறையாது, பெறுபவர் அதை அடகும் வைக்க முடியாது. தந்தை சின்னச்சாமி ஐயர் பருத்தி ஆலை வைத்து நொடித்து 1898-ல் கண்ணை மூடியபோது பிள்ளைக்கு மிஞ்சிய சொத்து அந்தப் பட்டம்தான். அதைச் சுமந்துகொண்டு அவர் காசிக்கு அத்தை வீட்டுக்குப் போனார். திரும்பி வந்தவருக்கு ஜமீன் தன் நிழலில் இடம் கொடுத்தது. ஜமீன்தாரின் திருச்செவிக்குப் பத்திரிகை படித்துக் காட்டுவதும், அவையில் பொழுதுபோக்குவதுமாக ஒரு பேரறிவு அங்கே பாதுகாக்கப்பட்டது. அந்த மேலான வாழ்வைச் சகிக்கத் தெரியாமல் அவர் 1904-ல் வெளியேறினார் என்றால் குற்றம் யாருடையது? பிற்பாடு ‘சின்னச் சங்கரன் கதை’ என்று அந்த அவையின் சொகுசுகளைக் கேலிச்சித்திரமாக எழுதவும் செய்தார். நன்றி கெட்டவர்கள்தாம் நல்ல உரைநடை எழுதுகிறார்கள்.

மதுரையில் ஒரு பள்ளிக்கூடத்தின் தமிழ்ப் பண்டிதர் நாற்காலி மூன்று மாத காலம் அவருக்குக் கிடைத்தது. மாதம் பதினேழரை ரூபாய், வேலை தற்காலிகம். விடுப்பில் போனவர் திரும்பியதும் நாற்காலி அவரிடம் போய்விட்டது. இதிலுள்ள நுட்பத்தைத் தாங்கள் அல்லவா ரசிக்கவேண்டும்! தமிழின் நிரந்தரத்தை ஒரு தற்காலிகப் பணியில் அமர்த்துவதற்கு எவ்வளவு நகைச்சுவை வேண்டும்!

அங்கிருந்து சென்னை, ஜி. சுப்பிரமணிய ஐயரின் ‘சுதேசமித்திரன்’. தந்திகளையும் சொற்பொழிவுகளையும் ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கும் வேலை. 1906-ல் ‘இந்தியா’ வார இதழ். 1908-ல் அந்த இதழின் பேரில் கைது நடவடிக்கை தொடங்கியதும் கவிராயர் பிரெஞ்சு எல்லைக்குள், புதுச்சேரிக்குப் போய்ச் சேர்ந்தார். பத்து வருஷம் அங்கேதான். இந்த இடத்தில் வெள்ளைத் துரைத்தனத்தாருக்கும் ஒரு வாழ்த்துச் சொல்லாவிட்டால் மெய்க்கீர்த்தி ஒருதலைப்பட்சமாகிவிடும். அந்தக் காலத்தில் பாரதியை ஒரு வரி விடாமல் படித்தவர்கள் ஒற்றர்கள்தாம். சந்தா கட்டியவர்கள்கூடப் படித்தார்களா என்று சொல்ல முடியாது, சி.ஐ.டி.க்காரர் படித்தார், அடிக்கோடிட்டார், மொழிபெயர்த்து மேலிடத்துக்கு அனுப்பினார். கவிஞனுக்கு இதைவிட ஊக்கமான வாசகர் வட்டம் எங்கே கிடைக்கும்? ஊக்கம் மிகுந்துபோய் 1910-க்குள் அவருடைய இதழ்கள் பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் வராதபடி அடைத்தும் விட்டார்கள்.

துரைத்தனம் கதவை அடைத்தது. தாங்கள் அதைத் தட்டித் திறக்கப் பார்த்து அதன் மனத்தைப் புண்படுத்தவில்லை. அந்த நாகரிகத்தை அடியேன் தலைவணங்கிப் போற்றுகிறேன். குயில் பாட்டும் கண்ணன் பாட்டும் பாஞ்சாலி சபதமும் உருவானது அந்தப் பூட்டிய ஊரில்தான். பசித்தால்தான் பாட்டு வரும் என்று இன்று தாங்கள் மேடைகளில் அருளிச்செய்யும் தத்துவத்துக்குப் புதுச்சேரிதான் அத்தாட்சி. அந்தத் தத்துவத்தைச் சொல்பவர் எவரும் சொல்வதற்கு முன் சாப்பிட்டுவிட்டுத்தான் வருகிறார் என்பது தற்செயல்.

ஒரே ஒரு களங்கத்தை மட்டும் மறைக்க முடியவில்லை. புதுச்சேரியில் ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதி குடியிருந்த வீட்டுக்காரர் ஒருவர். விளக்கெண்ணெய்ச் செட்டியார் என்று கூப்பிடுவார்கள். வாடகை வாங்க வருவார். உள்ளே பாட்டு நடந்துகொண்டிருக்கும். திண்ணையோரம் நின்று கேட்பார். பாட்டு முடிந்ததும் வந்த காரியத்தைச் சொல்லாமலே திரும்பிப் போய்விடுவார். எத்தனை மாத பாக்கி என்று அவரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. தங்கள் உயர்ந்த மரபைச் சிறிதும் அறியாத ஒரு மனிதர். எல்லா ஊரிலும் இப்படி ஒரு வீட்டுக்காரர் வாய்த்திருந்தால் பாரதி ஊர் சுற்றியிருக்கமாட்டார்; வரலாற்றுச் சுற்றுலாவுக்கு இத்தனை நினைவில்லங்கள் நமக்குக் கிடைத்திருக்கமாட்டா. செட்டியாரை மன்னித்துவிடுங்கள்.

1918 நவம்பரில் புதுச்சேரி எல்லையைத் தாண்டியதும் கடலூரில் கைதானார். மூன்று வாரத்துக்கு மேல் சிறை. எழுதுவதைக் காட்டவேண்டும், நெல்லைச் சீமைக்குள் இருக்கவேண்டும் என்ற நிபந்தனைகளோடு வெளியே வந்து மனைவி செல்லம்மாளின் ஊரான கடையத்துக்குப் போனார். அங்கே அக்கிரகாரம் அவரை விலக்கி வைத்தது. சாதி பார்க்காமல் எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிடுகிறவரோடு எவரும் உட்கார்ந்து சாப்பிடக்கூடாது என்பது எவ்வளவு சமத்துவமான தீர்ப்பு! சிட்டுக்குருவிக்கு அரிசியை வாரி இறைத்த கதையைத் தாங்கள் எல்லோரும் குழந்தைகளுக்குச் சொல்லி மகிழ்கிறீர்கள். அடியேனுக்கும் மிகப் பிடித்த கதை. அவர் வீட்டில் அரிசி இருந்தது என்பதற்கு நம்மிடம் உள்ள ஒரே சாட்சி அது. அன்றைய உலைக்காகச் செல்லம்மாள் கைமாற்றாக வாங்கி வந்த அரிசி அது என்ற பகுதியை மட்டும் நாம் நாசூக்காக விட்டுவிடுகிறோம். கதைக்கு அது நன்றாக இராது.

கடையத்திலிருந்து அவர் இரண்டு பெரிய விண்ணப்பங்கள் போட்டார். இரண்டுக்கும் கிடைத்த பதில் தமிழ் இலக்கியத்தில் பொன்னெழுத்தால் பொறிக்கத்தக்கது. முதல் விண்ணப்பம் 1919-ல், எட்டயபுரம் ஜமீன்தாருக்குச் சீட்டுக்கவியாக. பழம்புலவர்கள் செய்தது போலப் பல்லக்கும் பொன்னும் கேட்டுக் கம்பீரமாக எழுதினார். கையேந்துகிறவன் குரலே இல்லை அதில். சமமானவனுக்குச் சமமானவன் எழுதும் மிடுக்கு. அரண்மனை மௌனத்தைப் பரிசளித்தது. மௌனம் ஞானத்தின் இலக்கணம் என்பார்கள்; அந்த அளவுகோலில் அன்றைய அரண்மனை ஒரு தவச்சாலை.

இரண்டாவது விண்ணப்பம் 1920-ல், நேரே தங்களுக்கு. தம் எழுத்துகளை நாற்பது புத்தகமாக, ஒவ்வொன்றும் 10,000 பிரதி அச்சிடப்போவதாகவும், அதற்குக் கடன் கொடுத்தால் வட்டியோடு திருப்புவதாகவும் நண்பர்களுக்குச் சுற்றறிக்கை விட்டார். தமிழ்நாட்டில் மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் விற்பதைவிட வேகமாகத் தம் நூல்கள் விற்றுப்போகும் என்று எழுதினார். தங்கள்மீது ஒரு மனிதர் வைத்த நம்பிக்கையைப் பாருங்கள்! அந்த நம்பிக்கைக்குத் தாங்கள் தீங்கு செய்யவில்லை. அது கடைசிவரை, ஒரு ரூபாய்கூடப் படாமல், தூய்மையாகவே இருந்தது. மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் வழக்கம்போல் விற்றன.

1920 இறுதியில் மறுபடியும் சென்னை, மறுபடியும் ‘சுதேசமித்திரன்’, திருவல்லிக்கேணியில் துளசிங்கப் பெருமாள் கோயில் தெரு. இப்போது மெய்க்கீர்த்தியின் உச்சத்துக்கு வருகிறோம். அதுதான் யானை.

1921-ல் பார்த்தசாரதி கோயில் யானைக்கு அவர் பழம் கொடுக்கப் போனார். மதம் கொண்டிருந்த யானை தும்பிக்கையால் தள்ளிவிட்டது. நண்பர் குவளைக்கண்ணன் பாய்ந்து போய்த் தூக்கினார். காயம் ஆறியது. மனிதர் எழுந்து வேலைக்குப் போனார். ஈரோடு பக்கத்துக் கருங்கல்பாளையத்துக்கு ரயிலேறிப்போய், மனிதனுக்கு மரணமில்லை என்ற பொருளில் சொற்பொழிவும் ஆற்றினார். அதற்குப் பிறகுதான் வயிற்றுக்கடுப்பு வந்தது. உரமில்லாத உடம்பு, வந்த நோயை வழிமறிக்க உள்ளே ஒன்றும் இல்லை. செப்டம்பர் 11 நள்ளிரவு தாண்டி, 12-ஆம் தேதி பிறந்த பிறகு மூச்சு நின்றது.

ஆனால் தாங்கள் எந்தப் பள்ளிக் குழந்தையிடமும் கேட்டுப்பாருங்கள்: பாரதியார் எப்படி இறந்தார்? யானை மிதித்து. தலைமுறை தலைமுறையாக இந்தப் பதிலைப் பழுதில்லாமல் கடத்தி வந்திருக்கிறோமே, அந்தக் கூட்டுறவுக்கு என்ன பெயர் சொல்வது! ஊர் ஊராக விரட்டிய பசியை ஒரு நிமிஷத் தும்பிக்கை துடைத்து எடுத்துக்கொண்டது. வாயில்லா ஜீவன், மறுப்பு அறிக்கை வெளியிடாது. தங்கள் புகழ் மாசுபடாமல் காத்த அந்த யானைக்கு ஒரு சிலை இன்னும் வைக்காதிருப்பது மட்டுமே தங்கள் நன்றியுணர்ச்சியில் அடியேன் காணும் சிறு குறை.

விடிந்ததும் கிருஷ்ணாம்பேட்டைச் சுடுகாட்டுக்குப் போன கூட்டம் இருபது பேருக்கு மேல் இராது என்றும், உடல் அறுபது பவுண்டுக்கும் குறைவாகவே இருந்திருக்கும் என்றும் உடனிருந்த பரலி சு. நெல்லையப்பர் எழுதியிருக்கிறார். குறை சொல்பவர்கள் இதைக் காட்டித் தங்களை ஏசுவார்கள். அடியேன் இதிலும் தங்கள் முன்யோசனையையே காண்கிறேன். தூக்குவதற்கு ஆள் குறைவாக வரும் என்று தெரிந்தே அல்லவா பாரத்தையும் முன்கூட்டியே குறைத்து வைத்தீர்கள்!

தங்கள் வள்ளன்மை பெருக்கெடுத்தது அதற்கு அப்புறம்தான். இறந்த கவிஞனிடம் உள்ள சிறப்பே சிறப்பு. அவன் முன்பணம் கேட்கமாட்டான், சீட்டுக்கவி அனுப்பமாட்டான், வாடகை பாக்கி வைக்கமாட்டான், எதைப் பாடினாலும், யார் பாடினாலும் மறுக்கமாட்டான். 1928-ல் துரைத்தனத்தார் அவருடைய ‘சுதேச கீதங்க’ளைத் தடைசெய்து பிரதிகளைப் பறிமுதல் செய்தார்கள். சட்டசபையில் சத்தியமூர்த்தி வாதாடினார். ஏழு வருஷத்துக்கு முன் இருபது பேர் வழியனுப்பிய மனிதரைக் கண்டு ஒரு சாம்ராஜ்யம் நடுங்குவது தெரிந்ததும், அவர் ஏதோ முக்கியமானவர்போல என்று தாங்களும் கண்டுகொண்டீர்கள். தரத்தை அறிய அரசாங்க முத்திரைக்குக் காத்திருக்கும் அடக்கம் தங்களுக்கே உரியது.

1930-களில் அவர் மகாகவியா, வெறும் தேசிய கவியா என்று பத்திரிகைகளில் போர் மூண்டது. வ.ரா. ஒரு பக்கம், கல்கி மறுபக்கம், கு.ப.ராஜகோபாலனும் சிட்டியும் ‘கண்ணன் என் கவி’ என்று புத்தகமே எழுதினார்கள். மாதம் பதினேழரை ரூபாயா, பதினெட்டு ரூபாயா என்று உயிரோடிருந்தபோது ஒருவரும் போராடவில்லை; அடைமொழிக்காக இத்தனை பேர் மை சிந்தினார்கள். எது நிலையானது, எது அநித்தியம் என்று அறிந்த இனம் இது.

அவர் பாட்டின் இசைத்தட்டு உரிமை நகை வணிகம் செய்த ஒரு குஜராத்திக் குடும்பத்துக்குப் போய், அவர்களிடமிருந்து படமுதலாளி ஒருவர் கைக்கு வந்தது. தமிழ்ப் பாட்டைத் தமிழர்கள் பாட அனுமதி கேட்கவேண்டிய அந்தச் சில வருஷங்கள் எவ்வளவு பவித்திரமானவை! நகைக்கடைக்காரர் தங்கத்தை அறிந்து வாங்கினார். பிறகு எழுத்தாளர்களும் நாடகக்காரர்களும் கிளர்ச்சி செய்ய, படமுதலாளி உரிமையை இலவசமாகவே விட்டுக்கொடுக்க, 1949-ல் சென்னை அரசு பாரதியின் எழுத்தை நாட்டுடைமையாக்கியது. தீப்பெட்டி போல விற்கும் என்றாரே, அது பலித்தது. இருபத்தொன்பது வருஷம் பொறுமை இல்லாதது அவர் பிழை.

இதற்கு இடையில் 1947-ல் எட்டயபுரத்தில், கல்கி நிதி திரட்ட, ராஜாஜி திறந்துவைக்க, மணிமண்டபம் எழுந்தது. சீட்டுக்கவிக்குப் பதில் வராத அதே ஊர். உயிரோடு பல்லக்குக் கேட்டவருக்குப் போனபின் மண்டபமே கொடுத்தோம். கேட்டதைவிடப் பெரிதாகக் கொடுப்பதுதானே வள்ளன்மை? நடந்துகொண்டே இருந்தவரை ஒருவழியாக நிற்கவும் வைத்துவிட்டோம். இன்று எந்த ஊர்ச் சந்தியிலும் அவர் நகராமல் நிற்கிறார்.

அவர் முகத்தையும் தாங்கள் திருத்தியருளினீர்கள். 1919-ல் காரைக்குடியில் எடுத்த புகைப்படத்தில் கையில் கோலோடு, ஒட்டிய கன்னத்தோடு, நம்மை நேராகப் பார்க்கும் ஒரு மனிதர் இருக்கிறார். அந்தப் பார்வை நாள்காட்டிக்கு ஏற்றதல்ல. காலையில் தேதி கிழிக்கிறவருக்குச் சங்கடமாக இருக்கும். ஆகவே கன்னத்தில் சதை வைத்து, கோலை வாங்கிவிட்டு, முண்டாசை வெளுத்து, மீசையை முறுக்கிவிட்டோம். உயிரோடிருந்தபோது ஏற்ற முடியாத சதையைச் சாயத்தால் ஏற்றியது நம் கலைத்திறமை.

அண்மையில் ஒரு பள்ளியின் மாறுவேடப் போட்டியைக் காணும் பேறு அடியேனுக்குக் கிடைத்தது. ஆறு வயதுப் பாரதி ஒருவர் மேடையேறினார். பூத்துவாலை முண்டாசு, கண்மையால் வரைந்த மீசை, வியர்வையில் இளகி உதட்டோரம் வழிந்துகொண்டிருந்தது. அச்சமில்லை என்று உரக்கச் சொன்னார். அடுத்த அடி மறந்துபோய், பயந்து அழுதுவிட்டார். அரங்கம் அதிரக் கைதட்டியது. முதல் பரிசு அவருக்கே. எவர்சில்வர் டிபன் பாக்ஸ். புதியது, பளபளப்பானது, காலியானது. பாரதிக்கு நாம் கொடுத்துவந்த பரிசின் வடிவத்தைப் பரிசு வாங்கி வைத்தவர் எப்படி அறிந்தாரோ! சபைக்கே தெய்வ கடாட்சம் இருந்திருக்கவேண்டும்.

தேசத்தைப் பாடியது ஒருவருக்கு, சாதியைச் சாடியது இன்னொருவருக்கு, சக்தியைத் துதித்தது மூன்றாமவருக்கு, பெண்ணை உயர்த்தியது நான்காமவருக்கு என்று பங்குபோட்டு, மற்றவர் பங்கைப் படிக்காமலிருக்கும் ஒழுக்கத்தையும் கட்டிக்காக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, நினைவு நாள். மூச்சு நின்றது 12-ஆம் தேதி. நாம் மாலை போட்டுவந்தது 11-ஆம் தேதி. 2021-ல் அரசும் அதையே மகாகவி நாளாக அறிவித்தது. சம்பளத்துக்கும் கடனுக்கும் வைத்தியத்துக்கும் தாமதமாகவே வந்த தாங்கள், சாவுக்கு மட்டும் ஒரு நாள் முன்னதாகவே வந்து காத்திருக்கிறீர்கள். இந்த ஆர்வத்தை வாழ்த்தச் சொல்லில்லை.

மெய்க்கீர்த்தி பாடியவன் கடைசியில் பரிசில் கேட்பது முறை. அடியேனுக்கும் ஆசை உண்டு. ஆனால் தங்கள் மரபை முறிக்க மனம் வரவில்லை. இப்போது ஒன்றும் வேண்டாம். தங்கள் தெருவில் இந்த மாதம் வாடகை கொடுக்க முடியாமல் எழுதிக்கொண்டிருப்பவர் யாராவது இருந்தால், அவருக்கும் ஒன்றும் கொடுத்துவிடாதீர்கள். அவருடைய புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கிவிடாதீர்கள். விளக்கெண்ணெய்ச் செட்டியார்போல் வாசலில் நின்று கேட்டுவிட்டுச் சும்மா திரும்பிவிடாதீர்கள். பொறுத்திருங்கள். கல் இருக்கிறது, சிற்பி இருக்கிறார், மாலைக்குப் பூ இருக்கிறது. தேதி ஒரு நாள் முன்பின்னாக இருந்தாலும் அவர் கேட்கப்போவதில்லை.